எடை விடுப்பில் போன ஆய்வுக்கூடம்: விண்கலச் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் விண்வெளி பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். என் உரை முடிந்த பிறகு வரும் கேள்விகள்தான் எப்போதும் உரையைவிடச் சுவையாக இருக்கும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றையும், அங்கே அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களைத் திருத்தியும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லை அல்லவா?

இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்தில் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம். 400 கிலோமீட்டருக்கு ஓர் ஏணி வைத்து, அதன் உச்சியில் ஒரு எடைக்கருவியை வைத்து, தரையில் 60 கிலோ காட்டும் ஒருவர் அதில் ஏறி நின்றால் முள் 53 கிலோ காட்டும்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால். நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. அது எவ்வளவு கீழே விழுகிறதோ அவ்வளவு பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுகிறது. விழுவது நிற்பதே இல்லை. தரை வருவதும் இல்லை. கலமும் மனிதரும் கரண்டியும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால், ஒன்றின் மேல் ஒன்று அழுத்துவதில்லை. திருவிழா ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு ஒரு கணம் காணாமல் போகுமே, அந்தக் கணத்தை மாதக்கணக்கில் நீட்டினால் எப்படியோ அப்படி.

அப்படியானால் ‘ஈர்ப்பில்லா நிலை’ என்று ஏன் எழுதுகிறார்கள்?

சோம்பலில்தான். ஆய்வாளர்கள் மைக்ரோகிராவிட்டி என்பார்கள், தமிழில் நுண்ணீர்ப்பு. பெயருக்கேற்ப, தரையில் நாம் உணரும் எடையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது கலத்தைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறது. கலத்தின் நிறை மையத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்ட பொருள் மையத்தின் பாதையிலேயே போக விரும்பாமல் மெல்ல நகரப் பார்க்கிறது.

இதெல்லாம் அமைதியான நேரத்து நிலவரம். உண்மையில் நிலையம் ஓயாமல் நடுங்கும் வீடு. குழாய்களில் பம்ப் ஓடுகிறது, விசிறி சுழல்கிறது, சரக்குக் கலம் வந்து இணைகிறது, ஒருவர் ஓடுபொறியில் ஓடுகிறார். ஓடுபொறியின் அதிர்வு சுவருக்குப் போகாதபடி தனிப் பிடிமானம் இருந்தும், நுட்பமான சில சோதனைகளை வீரர்கள் தூங்கும் நேரத்துக்கு ஒதுக்குகிறார்கள். நடுக்கத்தை அளக்கவென்றே அங்கங்கே உணரிகள் உண்டு. ஒரு படிகம் சரியாக வளரவில்லை என்றால் அன்றைய அதிர்வுப் பதிவைப் புரட்டிப் பார்ப்பதும் ஆய்வின் பகுதியே.

எடை போய்விட்டால் அறிவியலுக்கு என்ன லாபம்?

தரையில் ஈர்ப்பு என்பது அடங்காத ஒலிபெருக்கி மாதிரி. அது அலறும்போது அருகில் மெதுவாகப் பேசுபவர்களின் குரல் கேட்காது. சூடான காற்று மேலே போவது, கனமான துகள் அடியில் படிவது, எண்ணெய் தண்ணீருக்கு மேல் வந்து நிற்பது, குமிழி மேலே ஏறுவது எல்லாமே எடை செய்யும் வேலை. அதை நிறுத்தினால் பரப்பு இழுவிசை, விரவல் (துகள்கள் தாமாகவே மெல்லப் பரவுவது), நுண்புழை ஏற்றம் (மெல்லிய குழாயில் திரவம் தானே ஏறுவது) போன்ற மெல்லிய குரல்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். பள்ளிப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும் பரப்பு இழுவிசை, அங்கே வீட்டுக்கே எஜமான். சிந்திய தண்ணீர் உருண்டையாகிறது. ஈரத்துணியைப் பிழிந்தால் நீர் கீழே சொட்டாமல் கையைக் கையுறை போல மூடிக்கொள்கிறது.

நெருப்பு எப்படி எரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வீட்டில் விளக்குச் சுடர் ஏன் கூம்பாக நிற்கிறது? சூடான வாயு இலேசானது, மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக் காற்று வருகிறது. இந்த ஓட்டம்தான் சுடரை மேலே இழுத்துக் கூராக்குகிறது. சுடருக்குள் உருவாகும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்தான் மஞ்சள் நிறம். எடை இல்லையென்றால் ‘இலேசானது’ என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. சூடான வாயு எங்கும் ஏறாது. சுடரைச் சுற்றியே நிற்கும். ஆக்சிஜன் மெல்ல விரவித்தான் உள்ளே வந்தாக வேண்டும். எனவே சுடர் உருண்டையாக, மங்கலாக, நீலமாக இருக்கும். சோம்பேறிச் சுடர்.

அந்தச் சோம்பலில்தான் புதையல் இருந்தது. விண்வெளி நிலையத்தில் 2009-இல் தொடங்கிய ஃப்ளெக்ஸ் என்ற சோதனையில், ஒரு மூடிய அறைக்குள் ஹெப்டேன் எரிபொருளின் சிறு துளிகளைப் பற்றவைத்தார்கள். தீயை அணைப்பது எப்படி என்று அறிவதே முதல் நோக்கம். சில துளிகளில் சுடர் அணைந்தது. சோதனை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அளவைப் பார்த்தால், அணைந்த பிறகும் துளி எரிவதைப் போலவே சுருங்கிக்கொண்டிருந்தது! கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘குளிர் சுடர்’ அதைத் தின்றுகொண்டிருந்தது. குளிர் என்பதும் ஒப்பீட்டுக்குத்தான். ஏறக்குறைய 230 முதல் 530 டிகிரி செல்சியஸ். வழக்கமான சுடர் ஆயிரத்தைத் தாண்டும். குளிர் சுடர் என்ற வேதிவினை தரையிலும் தெரிந்ததே. ஆனால் ஒரு துளியைச் சுற்றி அது இப்படி நிலைத்து எரியும் என்பதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 2012-இல் முடிவுகளை வெளியிட்ட குழுவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஃபோர்மன் வில்லியம்ஸ் இருந்தார். வாகன எஞ்சினுக்குள் எரிபொருள் பற்றிக்கொள்ளும் முதல் கணங்களில் இதே வேதியியல்தான் நடக்கிறது. அதனால் எஞ்சின் வடிவமைப்பாளர்களும் இதைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

மனிதர் இருக்கும் கலத்துக்குள் தீ வைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

துளி அளவில், மூடிய அறைக்குள் என்றால் இல்லை. பெரிய தீக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். சிக்னஸ் என்ற சரக்குக் கலம் நிலையத்துக்குச் சாமான் இறக்கிவிட்டு, குப்பையை ஏற்றிக்கொண்டு பிரிந்து, கடைசியில் வளிமண்டலத்தில் எரிந்துபோகும். எப்படியும் எரியப் போகிற கலம்தானே! நிலையத்தை விட்டு விலகிய பின் அதற்குள் துணியையும் பிளாஸ்டிக்கையும் பற்றவைத்துக் கேமராவில் பதிவு செய்தார்கள். சாஃபைர் என்ற இந்த வரிசை 2016-இல் தொடங்கி 2024-இல் முடிந்தது.

மேலே போகாமல் இந்த நிலையை உண்டாக்க முடியாதா?

முடியும், சில நொடிகளுக்கு. ஜெர்மனியின் பிரேமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது. உள்ளே குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சோதனைப் பெட்டியை 110 மீட்டர் விழவிடுகிறார்கள். கிடைப்பது 4.74 நொடி. அடியிலிருந்து கவண் போல மேலே எறிந்து விழவிட்டால் 9 நொடிக்குச் சற்று மேல். சென்னை ஐஐடியின் எரிதல் ஆய்வு மையத்திலும் 2.5 நொடி தரும் விழுகோபுரம் ஒன்று உண்டு. சுடர் பற்றி ஆராய அது போதும். சுடர் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது.

விமானத்தை ஏறக்குறைய 50 டிகிரி கோணத்தில் ஏற்றி, எஞ்சின் விசையைக் குறைத்து, எறிந்த கல்லின் பாதையில் பறக்கவிட்டால் ஏறக்குறைய 22 நொடி கிடைக்கும். பிரான்ஸின் போர்தோவிலிருந்து பறக்கும் ஏர்பஸ் விமானம் ஒரே பயணத்தில் இதை 31 தடவை செய்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் முன்னும் பின்னும் உடல் ஏறக்குறைய இரு மடங்கு கனக்கும். வாந்திப் பை இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை. ஆய்வு ராக்கெட்டுகள் சில நிமிடங்கள் தரும். விதை முளைக்கவும் எலும்பு கரையவும் நாட்கள் வேண்டும். அதற்குச் சுற்றுப்பாதையை விட்டால் வழியில்லை.

விதை முளைக்குமா? வேர் எந்தப் பக்கம் போகும்?

முளைக்கும். இஸ்ரோவே காட்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை விண்ணிலேயே விட்டுவைத்து ஆய்வு மேடையாக்கினார்கள். அதில் ஒரு சிறு பெட்டிக்குள் 8 தட்டைப்பயறு விதைகள். நான்காம் நாளில் முளைவிட்டன. பிறகு இலையும் வந்தது. ராக்கெட்டின் வெற்றுக் கூட்டில் தட்டைப்பயறு. என் பாட்டி இருந்திருந்தால் பொரியலுக்குத் தேறுமா என்று கேட்டிருப்பார்.

வேரைப் பொறுத்தவரை, அதன் நுனியில் உள்ள செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. தரையில் அவை கனத்தால் செல்லின் அடியில் படியும். ‘கீழே எது’ என்று வேர் அறிவது அதனால்தான். சுற்றுப்பாதையில் மணிகள் படியாது. வேர் ஈரத்தையும் ஒளியையும் பார்த்து வழி தேடிக்கொள்கிறது.

உண்மையான தொல்லை திசையல்ல, தண்ணீர். தொட்டியில் ஊற்றிய நீர் இங்கே வடிந்துபோகும். அங்கே வேரைச் சுற்றிப் போர்வையாக ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணற வைக்கும். 2015 கடைசியில் நிலையத்தில் வளர்ந்த ஜினியாச் செடிகளுக்கு இதுதான் நேர்ந்தது. இலைகளில் நீர் கசிந்து பூஞ்சை பிடித்தது. விசிறியை வேகப்படுத்தினார்கள், இப்போது செடி காயத் தொடங்கியது. கீழிருந்து வரும் அட்டவணைப்படி நீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, செடியைப் பார்த்து நானே முடிவு செய்கிறேன் என்று கேட்டுப் பெற்றார் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி. 2016 ஜனவரியில் பூத்தது. தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

சுபான்ஷு சுக்லா அங்கே என்ன செய்தார்?

இந்திய விண்வெளி வீரரான அவர் 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 என்ற பயணத்தில் நிலையத்துக்குப் புறப்பட்டு, ஜூலை 15 அன்று திரும்பினார். நான்கு பேர் கொண்ட அந்தக் குழு 31 நாடுகளின் ஏறக்குறைய 60 சோதனைகளைச் சுமந்து சென்றது. இஸ்ரோ தேர்ந்தெடுத்தவை 7. பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்து உறைபெட்டியில் வைத்தது அவற்றில் ஒன்று. தசைச் செல்கள் ஏன் மெலிகின்றன என்று பார்த்தது இன்னொன்று. நுண்பாசிகள், நீலப்பச்சைப் பாக்டீரியா, தண்ணீர்க்கரடி என்று செல்லமாக அழைக்கப்படும் மிகச் சிறிய உயிரி ஆகியவையும் உண்டு.

அவருக்கு முன் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சோவியத் நாட்டின் சல்யூட்-7 நிலையத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கி, எடையிழப்பால் உடலுக்கு வரும் தொல்லைகளுக்கு யோகாசனம் உதவுமா என்று சோதித்தார். இடையில் மனிதர் இல்லாமலும் இந்தியா ஒன்று செய்தது. 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட எஸ்ஆர்இ-1 என்ற கூம்புக் கலம் 12 நாள் சுற்றி, உள்ளே சிறிய உலையில் உலோகச் சோதனையும் நடத்தி, ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் பத்திரமாக விழுந்தது. இதைப் பலர் மறந்தே போனார்கள் என்பது என் வருத்தம்.

விண்வெளி வீரர்கள் எல்லாரும் விஞ்ஞானிகளா?

சிலர். ஆனால் அங்கே அவர்கள் பெரும்பாலும் இன்னொருவரின் கைகள். சோதனையைச் சிந்தித்தவர் தரையில், சில சமயம் பத்தாண்டு காத்திருந்து, திரையைப் பார்த்து நகம் கடித்துக்கொண்டிருப்பார். வீரர் அதே நாளில் தசைச் செல், எரிபொருள் துளி, பழுதான கழிப்பறை மூன்றையும் கவனிக்க வேண்டியிருக்கும். ஆகவே சோதனைப் பெட்டியைத் தானாக இயங்கும்படி செய்வதே நல்ல வடிவமைப்பு. மாட்டு, சுவிட்சைப் போடு, ஒரு மாதம் கழித்துக் கழற்று: இதுவே சிறந்த செய்முறை.

கையால் செய்யும் வேலையில் எது கஷ்டம்?

குமிழி. சந்தேகமே வேண்டாம். இங்கே ஊசிமருந்துக் குழலை நிமிர்த்திப் பிடித்துத் தட்டினால் குமிழி மேலே வந்துவிடும். அங்கே ‘மேலே’ இல்லாததால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். செல்லுக்கு உணவு போகும் நுண்குழாயை அடைக்கும், ஒளியளவைக் கெடுக்கும். பல கருவிகளின் வடிவமே குமிழியை எங்கே சிறை வைப்பது என்ற கவலையில் பிறந்தது.

அடுத்தது, பொருள்கள் ஓடிப்போவது. கையை விட்ட மூடி மெல்ல நழுவி மறையும். தொலைந்ததைத் தேட வீரர்கள் காற்றை உள்ளிழுக்கும் வலைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். எல்லாம் கடைசியில் அங்கே வந்து ஒட்டியிருக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்தான திரவம் என்றால் நிலைமை வேறு. அதை ஒன்றுக்குள் ஒன்றாகப் பல உறைகளுக்குள் அடைத்துத்தான் அனுப்புவார்கள். திறந்து வேலை செய்ய, 2002-இல் நிலையத்துக்குப் போன கையுறைப் பெட்டி இருக்கிறது. கண்ணாடி முகப்பு, உள்ளே நீளும் கையுறைகள், வெளியைவிடக் குறைந்த காற்றழுத்தம். கசிந்தாலும் வெளியே வராது.

கண்ட மாற்றம் எடையின்மையால்தான் வந்தது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு என் வணக்கம். ராக்கெட்டில் போன விதை குலுங்கியிருக்கிறது, கதிர்வீச்சை வாங்கியிருக்கிறது, பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. எனவே அச்சு அசலான இரட்டைப் பெட்டியை அதே வெப்பத்தில், அதே ஈரத்தில் தரையில் ஓட்டுவார்கள். மேலே என்ன நடந்தது என்பதைப் பார்த்து இங்கே அதையே செய்ய, இதைச் சற்றுத் தாமதமாகத் தொடங்குவதும் உண்டு. அதைவிட நல்ல வழி, நிலையத்துக்குள்ளேயே ஒரு சுழற்றி வைத்து, பாதி மாதிரிகளுக்குச் சுழற்சியால் ‘எடை’ கொடுப்பது. இரண்டு பாதிக்கும் பயணம், கதிர்வீச்சு, காற்று எல்லாம் ஒன்று. எடை மட்டுமே வேறு. ஜப்பானியர்கள் எலிகளுக்கே இப்படிச் சுழலும் கூடு செய்திருக்கிறார்கள்.

மனிதர்களில் இது முடியாது. ஸ்காட் கெல்லி 2015-16இல் 340 நாள் மேலே இருந்தபோது அவருடைய இரட்டையர் மார்க் கெல்லி தரையில் இருந்தார். அருமையான ஒப்பீடுதான், ஆனால் ஒரே ஒரு ஜோடி. அதை வைத்துப் பரபரப்புத் தலைப்புகள் எழுதியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விண்வெளியில் செய்த மருந்து கடைக்கு வந்துவிட்டதா?

உங்கள் தெருமுனைக் கடையில் தேடாதீர்கள். 1980களிலிருந்தே பெரிய வாக்குறுதிகள் கொடுக்கப்பட்டன, பலவும் மிகை. நடந்தது இதைவிட அடக்கமானது, ஆனால் உண்மையானது. தரையில் படிகம் வளரும்போது அடர்த்தி வேறுபாட்டால் திரவம் ஓடிக் குழப்பும். அங்கே மூலக்கூறுகள் நிதானமாக வந்து சேர்கின்றன. 2017-இல் மெர்க் நிறுவனம் தன் புற்றுநோய் மருந்தான கீட்ரூடாவை நிலையத்தில் படிகமாக்கியபோது, தரை மாதிரியில் பல அளவுகளில் வந்த படிகங்கள் அங்கே ஒரே சீராக வந்தன. படிவதும் திரவ ஓட்டமும் எப்படிக் குறுக்கிடுகின்றன என்ற பாடம்தான் பூமிக்குத் திரும்பியது.

ரிட்டோனவிர் கதை இன்னும் சுவையானது. எச்.ஐ.வி.க்கான இந்த மருந்து 1998-இல் யாரும் எதிர்பாராத வேறொரு படிக வடிவத்துக்கு மாறி, சரியாகக் கரையாமல், மாத்திரை உறைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. மூலக்கூறு அதே, அடுக்கு மட்டும் வேறு. அதனால்தான் வார்டா நிறுவனம் 2023 ஜூனில் ஆளில்லாச் சிறு கலத்தில் இதே மருந்தை அனுப்பியது. படிகம் தயாரான பிறகும் தரையிறங்க அனுமதி கிடைக்காமல் மாதக்கணக்கில் சுற்றி, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. சுற்றுப்பாதையிலும் கோப்பு நகர வேண்டும் போலும்.

கொலம்பியா விபத்தில் சோதனைகளும் அழிந்தனவா?

பெரும்பாலும். கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் 2003 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்கலத்தில் புறப்பட்டு, 16 நாள் இரண்டு அணியாகப் பிரிந்து இரவும் பகலும் ஏறக்குறைய 80 சோதனைகளைச் செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. பறக்கும்போதே கீழே அனுப்பப்பட்ட தகவல்கள் தப்பின. டெக்சாஸில் சிதறிய பாகங்களுக்கு நடுவே கிடைத்த குப்பிகளை வாரங்கள் கழித்துத் திறந்தபோது, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுக்கள் உயிரோடு நெளிந்தன.

அதே சிதைவில் கருகிய ஒரு வன்தட்டும் கிடைத்தது. செனான் வாயுவைக் கலக்கும்போது அதன் பிசுபிசுப்பு எப்படிக் குறைகிறது என்று அளந்த சோதனையின் பதிவு அதில் இருந்தது. தரையில் செனான் தன் எடையாலேயே அடியில் அடர்ந்துவிடும் என்பதால் அந்த அளவு மேலேதான் சாத்தியம். வல்லுநர்கள் வன்தட்டைப் பிரித்துத் துடைத்து, தகவலில் 99 சதவீதத்தை மீட்டார்கள். ஆய்வுக் கட்டுரை 2008-இல் வெளிவந்தது.

வீட்டில் நாங்களே செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கமாக, சுவரில் ஆணியால் ஒரு துளை போடுங்கள். துளையை விரலால் மூடி, நீரை நிரப்பி, மேல்மூடி இல்லாமல் பிடியுங்கள். விரலை எடுத்தால் நீர் பீறிடும். அப்படிப் பீறிடும்போதே பாட்டிலை மொட்டை மாடியிலிருந்து விட்டுவிடுங்கள். விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே வராது. நீருக்குத் தன்னை அழுத்த எடை இல்லை. 3 மீட்டர் உயரம் ஏறக்குறைய முக்கால் நொடி தரும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கைப்பேசியில் மெதுஓட்டக் காணொளி எடுங்கள். கீழே யாரும் நிற்கிறார்களா என்று மட்டும் முதலில் எட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்கத் தவறி, துவைத்துக் காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுப் போர்வையை நனைத்துவிட்டேன்.